விளையில் சாய்ந்த மரத்தை வீட்டிலேயே அறுத்துப் பெரிய சாப்பாட்டு மேசை செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குமரி மாவட்டத்தில் விளை, அதாவது தோப்பு நிலம், வைத்திருப்பவர்களுக்குக் காற்றில் சாய்ந்த ஒரு நல்ல மரம் என்றைக்காவது கிடைத்துவிடும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது அப்படிச் சாய்ந்த அயனியும் பலாவும் எத்தனையோ விறகாகப் போயின. அது எனக்கு இன்னும் வருத்தம்தான். அந்த மாதிரி மரத்தை விளையிலேயே கனமான பலகையாக அறுத்து, பத்துப் பேர் உட்கார்ந்து சாப்பிடும் மேசையாக்க நினைப்பவர்களுக்கு இந்தப் பக்கம். அறுத்த பிறகும் மரம் காற்றிலிருந்து ஈரத்தை வாங்கும், திரும்ப விடும்; அது நிற்கவே நிற்காது. கீழே உள்ள பதில்களில் முக்கால்வாசி அந்த ஒரு விஷயத்துக்கு இடம் கொடுப்பது பற்றித்தான்.

எந்த மரம் இதற்கு நல்லது?

என்னைக் கேட்டால் அயனி. கதவு, உத்தரம், வள்ளம் எல்லாவற்றுக்கும் நம் பக்கத்தில் அயனியைத் தேடிப் போனதற்குக் காரணம் உண்டு. வைரம் பாய்ந்த பகுதியைக் கரையான் எளிதில் தொடாது, எடையும் கிட்டத்தட்ட தேக்கு அளவுதான், உளிக்கும் ரொம்ப முரண்டு பிடிக்காது. பலா அதற்கு நெருங்கிய உறவு. அறுத்த அன்று பளிச்சென்ற மஞ்சளாக இருக்கும். வெளிச்சம் பட்டுப் பட்டு சில வருடங்களில் பழுப்பாகிவிடும். பால் வாளில் ஒட்டும், அடிக்கடி மண்ணெண்ணெய் தொட்டுத் துடைக்க வேண்டிவரும்.

புளி கல் மாதிரி. நடுவில் கறுஞ்சிவப்பு வைரம் ஒழுங்கில்லாமல் ஓடுவது பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் வாளின் கூர்மையை ஒரே அறுப்பில் தின்றுவிடும், வெளிப்பக்கத்து வெள்ளை சீக்கிரம் உளுத்துப்போகும். மாமரம் மலிவு, அகலமாகவும் கிடைக்கும். பூசணமும் வண்டும் பிடிக்காமல் காப்பாற்றுவது உங்கள் கையில். சாலையோரம் நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தை நம் ஆட்கள் மதிப்பதில்லை. காயும்போது அது மிகக் குறைவாகவே சுருங்கும் என்பதால் தாய்லாந்துப் பக்கம் பெரிய மேசைகளுக்கு அதைத்தான் அதிகம் எடுக்கிறார்கள். சொந்த நிலத்தில் ஒன்று சாய்ந்தால் விட்டுவிடாதீர்கள்.

ரப்பர் மரம் வேண்டாம். அகலம் வராது, வெட்டிய சில நாட்களிலேயே நீலப் பூசணம் ஏறிவிடும். தொழிற்சாலையில் மருந்தேற்றி ஒட்டுப் பலகையாக்கினால்தான் அது நாற்காலிக்கும் மேசைக்கும் ஆகும்.

சொந்த விளை மரம்தானே, அனுமதி எதற்கு?

தேக்கு, ஈட்டி, சந்தனம் என்றால் நின்ற மரமோ சாய்ந்த மரமோ, கை வைக்கும் முன் வனத்துறை அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வண்டியில் ஏற்றிக் கொண்டுபோவதற்கும் தனியாகக் கேட்க வேண்டும். மலையடிவாரத்து நிலங்களில் மற்ற மரங்களுக்கும் கட்டுப்பாடு இருக்கலாம். சாலையோர மரமும் புறம்போக்கு மரமும் அரசுடையவை. விழுந்து கிடந்தாலும் நம்முடையவை ஆகாது.

தேய்பிறையில்தான் வெட்ட வேண்டுமா?

பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு வெட்டுவதில் நஷ்டம் எதுவும் இல்லை. ஆனால் பிறையைப் பார்ப்பதைவிட வானத்தைப் பாருங்கள். நமக்குத் தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு மழையும் உண்டு. தை, மாசியில் அறுத்தால் முதல் சில மாதங்கள் மழையில்லாமல் பலகையின் மேல்தோல் காய்ந்து நிற்கும். பூசணத்தின் வேகம் அதிலேயே பாதி குறைந்துவிடும். புயலில் சாய்ந்த மரத்துக்கு இந்தத் தேர்வெல்லாம் கிடையாது. அதை எவ்வளவு சீக்கிரம் தரையிலிருந்து தூக்குகிறீர்களோ அவ்வளவு நல்லது. வெட்டு முகங்களில் உடனே பெயின்டோ உருக்கிய மெழுகோ பூசிவிடுங்கள்.

மரமில்லுக்குக் கொண்டுபோகாமல் வீட்டில் ஏன் அறுக்க வேண்டும்?

மில்லில் பட்டைவாள் (பேண்ட் சா) இருந்தால் அறுப்பு சுத்தமாக வரும், தூளாகப் போவதும் குறைவு. தடியை அங்கே கொண்டுசேர்க்க முடிந்தால் நான் அதையே சொல்வேன். ஆனால் அருமனை, குலசேகரம் பக்கத்து விளைகளில் லாரி போகாத இடத்தில் மூன்றடி விட்டமுள்ள தடி கிடக்கும். அதை இரண்டு துண்டாக வெட்டி உருட்டிக்கொண்டு வந்தால் மேசைக்கான நீளமே போய்விடும். அங்கேதான் சட்டம் பொருத்திய செயின் வாள் உதவுகிறது.

வேலை இதுதான். தடியின் மேல் நேரான ஏணியையோ இரண்டு இரும்புச் சதுரக் குழாய்களையோ மட்டம் பார்த்து ஆணியடித்து நிறுத்துவார்கள். வாளைச் சட்டத்தில் பிடித்து அந்த ஏணியின் மேல் நகர்த்தினால் முதல் அறுப்பு நேராக வரும். அதற்குப் பிறகு அறுத்த முகமே அடுத்த அறுப்புக்கு வழிகாட்டி. முதல் அறுப்பு கோணினால் எல்லாப் பலகையும் கோணும், அதனால் மட்டம் பார்க்க அரைநாள் போனாலும் போகட்டும்.

சங்கிலி முக்கியம். குறுக்கே வெட்டும் சாதாரணச் சங்கிலியின் பல் சுமார் 30 டிகிரியில் தீட்டப்பட்டிருக்கும். நீளவாக்கில் அறுக்க சுமார் 10 டிகிரியில் தீட்டிய சங்கிலி வேண்டும். 70 சிசிக்குக் குறைந்த இயந்திரம் இந்த வேலைக்கு மூச்சு வாங்கும். ஒவ்வோர் அறுப்பிலும் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் மரம் தூளாகிவிடும், அந்தக் கணக்கோடு கனத்தைத் தீர்மானியுங்கள்.

வாள் பிடித்துப் பழகாதவர் இதில் இறங்க வேண்டாம். ஊரில் செயின் வாள்காரர்கள் இருக்கிறார்கள். அவரைக் கூப்பிட்டு நீங்கள் கூட நில்லுங்கள். சாய்ந்த மரத்தில் இழுவிசை தேங்கி நிற்கும். வெட்டியதும் அடிமரம் வேரோடு திரும்ப நிமிரும், பக்கத்தில் நிற்பவரை அடிக்கும். பிள்ளைகளை விளைக்குள் விடவே கூடாது.

மரத்துக்குள் இரும்பு இருந்தால் எப்படித் தெரியும்?

வீட்டுப் பக்கத்து மரம் என்றால் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். துணிக்கொடிக் கம்பி, மாடு கட்டிய வளையம், தேர்தல் தட்டி அடித்த ஆணி எல்லாம் பட்டைக்குள் மூடிப்போயிருக்கும். தரையிலிருந்து ஆறடி உயரம் வரைதான் ஆபத்து அதிகம். கையடக்க உலோகக் கண்டுபிடிப்பான் ஒன்றை ஓட்டிப் பாருங்கள். அறுக்கும்போது முகத்தில் நீலக்கறுப்புக் கறை தெரிந்தால் உடனே நிறுத்துங்கள். மரத்தின் துவர்ப்புச் சத்தோடு இரும்பு சேர்ந்து உண்டான கறை அது, ஆணி சில அங்குல தூரத்தில்தான் இருக்கும்.

எவ்வளவு கனத்தில் அறுப்பது? ஒரே பலகையில் மூன்றரையடி அகலம் கிடைக்குமா?

முடிவில் ஒன்றே முக்கால் அங்குலம் வேண்டுமென்றால் இரண்டரை அங்குலத்தில் அறுங்கள். காய்ந்து, வளைந்து, அதை இழைத்து மட்டமாக்கும்போது அந்த முக்கால் அங்குலம் போயே தீரும்.

ஒரே பலகை என்ற ஆசையைப் பலரும் விடுவதில்லை. நான் இரண்டு பலகையைச் சேர்ப்பதன் பக்கம். அகலமான ஒற்றைப் பலகை தடியின் நடுவிலிருந்து வருவது. அதில் மரத்தின் குருத்து, அதாவது வளையங்களின் நடு மையம், நீளம் முழுக்க ஓடும். குருத்து உள்ள பலகை வெடிக்கும், அதில் சந்தேகமே வேண்டாம். வளையங்களின் சுற்றுவாக்கில் மரம் சுருங்குவது ஆரவாக்கில் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. நடுவைச் சுற்றி அந்த இழுபறி தீர வழியில்லாமல் பிளந்துதான் தீர்கிறது. குருத்தோடு சேர்த்து இரண்டு மூன்று அங்குலத்தை வெட்டி எறிந்துவிட்டு, அடுத்தடுத்து வந்த இரண்டு பலகைகளைப் புத்தகம் விரித்த மாதிரி சேர்த்தால் வரிகள் இரண்டு பக்கமும் ஒத்துவரும். தூக்குவதற்கும் இரண்டு பேர் போதும்.

எவ்வளவு காலம் காய வேண்டும்?

ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் என்பது பழைய கணக்கு. நம் மாவட்டத்துக்கு அது இன்னும் சரியாகவே பொருந்துகிறது. இரண்டரை அங்குலப் பலகை என்றால் இரண்டு வருடத்துக்கு மேல் பொறுக்க வேண்டும். மகள் கல்யாணத்துக்குள் மேசை வேண்டும் என்று அடுத்த மாதத்துக்கு நாள் குறித்துக்கொண்டு வருபவர்களுக்கு, காய்ந்த பலகை விற்கும் இடத்தைத் தேடச் சொல்வதைத் தவிர நேர்மையான பதில் வேறில்லை.

அடுக்குவதில்தான் எல்லாம் இருக்கிறது. தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் சிமென்ட் கல் வைத்து, அதன் மேல் மட்டமான உத்தரங்கள். பலகைக்கும் பலகைக்கும் நடுவே ஒரு அங்குலச் சதுரத்தில் காய்ந்த ரீப்பர், ஒன்றரை அடிக்கு ஒன்று. மேலிருந்து கீழ்வரை எல்லா ரீப்பரும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். ஒன்று விலகினால் அந்த இடத்தில் பலகை தொய்ந்து அப்படியே காய்ந்துவிடும். உச்சியில் கனமான கற்கள். மேலே கூரை, பக்கங்கள் திறப்பு. தார்ப்பாயால் சுற்றிக் கட்டினால் உள்ளே வியர்த்துப் பூசணம் பிடிக்கும்.

குமரியிலேயே இடத்துக்கு இடம் இது மாறும். பேச்சிப்பாறை, திற்பரப்பு, குலசேகரம் பக்கம் மழையும் ஈரமும் அதிகம், பலகை மெதுவாகக் காயும். அங்கே காற்றோட்டத்தைத்தான் கவனிக்க வேண்டும். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் நிலைமை நேர் எதிர். காற்றாலை ஓட்டுகிற அந்தக் காற்று பலகையின் முனைகளை உள்பகுதி காயும் முன்பே காய வைத்துப் பிளந்துவிடும். அங்கே அடுக்கின் காற்றுப் பக்கத்தில் ஓலைத் தட்டியோ பச்சை வலையோ கட்டி வேகத்தைக் குறையுங்கள், முனைகளில் இரண்டாம் முறையும் மெழுகு பூசுங்கள்.

காய்ந்துவிட்டது என்று எப்படி உறுதி செய்வது?

ஈரமானி வாங்கலாம். ஊசி மேலாகக் குத்தும் என்பதால் மேல்தோலின் கணக்கையே சொல்லும், கனமான பலகையில் அதை மட்டும் நம்பாதீர்கள். இன்னும் நல்ல வழி சமையலறையிலேயே இருக்கிறது. முனையிலிருந்து ஒரு அடி உள்ளே தள்ளி ஒரு சிறு துண்டை எடுங்கள். எடை போடுங்கள், 460 கிராம் என்று வையுங்கள். மின் அடுப்புப் பெட்டியில் 103 டிகிரியில் வைத்து, எடை இனிக் குறையவில்லை என்ற நிலை வரும்வரை காயவிடுங்கள். இப்போது 400 கிராம் என்றால், போன 60 கிராமை 400ஆல் வகுத்தால் 15 சதவீதம். அதுதான் ஈரம்.

நம் கடலோரக் காற்றில் மரம் 13 முதல் 16 சதவீதத்தில் நின்றுவிடும். வெளிநாட்டுக் காணொளிகளில் 8 சதவீதம் என்று சொல்வது குளிர்காலத்தில் வீட்டுக்குள் வெப்பமூட்டும் ஊர்களுக்கு. இங்கே 8க்குக் காயவைத்துக் கொண்டுவந்தால் முதல் ஆடி மழைக்கே மேசை வீங்கும்.

சாப்பாட்டு அறையில் ஏசி இருந்தால்?

அப்போது கணக்கு மாறும். ஏசி தினமும் பல மணி நேரம் ஓடும் அறையில் மரம் 10 சதவீதத்துக்கு அருகே இறங்கும். பலகையை இழைப்பதற்கு முன் அதே அறையில் இரண்டு மூன்று மாதம் ரீப்பர் வைத்துக் கிடத்துங்கள். வழியில் கிடக்கிறது என்று வீட்டில் முணுமுணுப்பு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளை மாவு கொட்டுகிறது. வண்டா?

ஆமாம், உளு விழுந்திருக்கிறது. பவுடர் மாதிரி மெல்லிய மாவு என்றால் வெள்ளைப் பகுதியின் மாச்சத்தைத் தின்னும் வண்டு. அறுத்த அன்றே, பச்சையாக இருக்கும்போதே, போராக்ஸும் போரிக் அமிலமும் வெந்நீரில் கரைத்து எல்லாப் பக்கமும் தாராளமாகப் பூசியிருந்தால் இது வராது. ஈர மரத்துக்குள் அந்தக் கரைசல் தானே இறங்கும். மழை பட்டால் கழுவிப்போய்விடும் என்பதால் கூரைக்குக் கீழே வைத்துப் பூச வேண்டும். காய்ந்த பிறகு வண்டு விழுந்தால் வெள்ளையை முழுக்கச் செதுக்கி எறிவதே மேல். பட்டையை ஒரு நாளும் விட்டுவைக்காதீர்கள், வண்டுக்கு அதுதான் வாசல். இயற்கை விளிம்பு வேண்டுமென்றால் பட்டையை மட்டும் மழுங்கிய உளியால் உரித்து, அடியில் இருக்கும் நெளிவை வைத்துக்கொள்ளலாம்.

பத்துப் பேருக்கு என்ன அளவு?

எட்டடி நீளம், மூன்றரையடி அகலம், இரண்டரையடி உயரம். ஒருவருக்கு இரண்டடி வீதம் பக்கத்துக்கு நால்வர், தலைமாட்டில் ஒருவர், கால்மாட்டில் ஒருவர். மேசையைச் சுற்றி மூன்றடி இடம் இல்லையென்றால் நாற்காலியை இழுக்க முடியாது. இரண்டு அங்குலக் கனத்தில் அயனியோ தேக்கோ என்றால் பலகை மட்டும் 80 கிலோவுக்கு மேல் வரும்; புளி 120ஐத் தொடும். வாசல் நிலையின் அகலத்தையும் மாடிப்படித் திருப்பத்தையும் முதலிலேயே அளந்துவிடுங்கள்.

இவ்வளவு பெரிய பலகையை மட்டமாக்குவது எப்படி?

ரூட்டர் (சுழலும் கத்தியால் மரத்தைச் செதுக்கும் மின்கருவி) இருந்தால் பலகையின் இரு பக்கமும் ஒரே உயரத்தில் இரண்டு தண்டவாளம் அமைத்து, அதன் மேல் ஒரு தொட்டிலில் ரூட்டரை வைத்துக் குறுக்கும் நெடுக்கும் ஓட்டலாம். தூள் முழங்கால் வரை ஏறும்; முகக்கவசம் இல்லாமல் நிற்காதீர்கள், மாமரத் தூள் சிலருக்கு அரிப்பும் தரும்.

ஆனால் தக்கலைப் பக்கத்து ஆசாரி ஒருவர் இழைப்புளியால் செய்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். முதலில் பலகையின் இரண்டு முனையிலும் நேரான இரண்டு சட்டங்களைக் குறுக்கே வைத்தார். குனிந்து ஒரு கண்ணை மூடி, முன் சட்டத்தின் மேல்விளிம்பு வழியாகப் பின் சட்டத்தைப் பார்த்தார். ஒரு மூலை கால் அங்குலம் தூக்கியிருந்தது. அந்த மூலைக்கும் எதிர்மூலைக்கும் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டுவிட்டு, வரிக்குக் குறுக்கே மூலைவாட்டில் இழைக்கத் தொடங்கினார். சீவல் நீளமாக வரவில்லை, துண்டு துண்டாக உதிர்ந்தது. முறுக்கு போனதும்தான் வரியோடு நேராக இழைத்தார். அரை நாள் வேலை. பலகையைத் தொட்டால் எங்கும் அலை இல்லை. நல்ல ஆசாரி கிடைத்தால் கூலியைப் பார்க்காதீர்கள்.

எந்த வழியானாலும் இரண்டு முகத்திலும் சரிசமமாக எடுங்கள். ஒரே பக்கம் எடுத்தால் உள்ளே மிச்சமிருக்கும் ஈரம் அந்தப் பக்கமாக வெளியேறிப் பலகை மறுபடி வளையும்.

வெடிப்புகளை எபாக்சி ஊற்றி மூடலாமா?

சின்னக் கீறலுக்கும் கணுவின் பொந்துக்கும் ஊற்றலாம். சோற்றுப் பருக்கை போய் உட்காரக் கூடாது அல்லவா. நடுவில் நீலநிற ஆறு ஓடும் மேசைகள் இப்போது மவுசு. நல்ல அயனியை அதற்காக இரண்டாகப் பிளப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. எபாக்சி பருவத்துக்கு அசையாது, மரம் அசையும். சரியாகக் காயாத மரம் என்றால் இரண்டும் சேரும் கோட்டில் சீக்கிரமே விரிசல் தெரியும்.

முனை வெடிப்பு மேலும் ஓடாமல் இருக்க, நடுவில் ஒடுங்கி இருபுறமும் விரிந்த ஆப்பு ஒன்றைப் புளி வைரத்தில் செய்து, வெடிப்புக்குக் குறுக்கே பதித்துப் பசையிட்டு இறக்குங்கள். பலகைக் கனத்தில் பாதி ஆழம் போதும்.

பலகையைக் காலோடு எப்படிப் பொருத்துவது? நாலு பக்கமும் ஸ்குரு போட்டால் போதாதா?

அது மட்டும் வேண்டாம். மேசைகள் பிளக்கும் காரணங்களில் இதுவே முதன்மை. நீளவாக்கில் மரம் அசைவதே இல்லை எனலாம், அகலவாக்கில் அசையும். அசைவு குறைந்த தேக்கிலேயே, 42 அங்குல அகலப் பலகையின் ஈரம் மழைக்கும் கோடைக்கும் 4 சதவீதம் மாறினால் அகலம் சுமார் 8 மில்லிமீட்டர் மாறும். ஆவணியில் இருந்த அகலம் பங்குனியில் இருக்காது. இறுக்கிப் போட்ட ஸ்குரு அந்த 8 மில்லிமீட்டரை விடாது, அப்போது மரம் தானே கிழிந்து வழி தேடும்.

பழைய வீட்டுப் பத்தாயத்தின் கதவைப் பின்பக்கம் பாருங்கள். பலகைகளுக்குக் குறுக்கே ஓடும் சட்டம், புறாவால் வடிவத்துப் பள்ளத்தில் பசையில்லாமல் நுழைக்கப்பட்டிருக்கும். பலகை வளையாமல் பிடிக்கும், அகலத்தில் நகரவும் விடும். இத்தனை மழை பார்த்தும் அவை பிளக்கவில்லை. உங்கள் மேசைக்கும் அதே ஏற்பாட்டில், முனையிலிருந்து ஒன்றரையடி உள்ளே இரண்டு சட்டங்கள், நடுவில் ஒரே ஒரு ஸ்குரு. கால்கள் அந்தச் சட்டத்தில் ஏறட்டும்.

அதற்கு ஆசாரி கிடைக்கவில்லை என்றால் அடியில் சி-சேனல் (C எழுத்து வடிவ இரும்புச் சட்டம்) பதிக்கலாம். நடு ஓட்டை மட்டும் வட்டமாக, மற்ற ஓட்டைகள் அகலவாக்கில் நீண்டு இருக்க வேண்டும். போல்ட்டை வாஷரோடு பிடிக்கும் அளவுக்கு மட்டும் முறுக்குங்கள். குளச்சல், முட்டம் போலக் கடலுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் சாதாரண இரும்புக் கால் வைத்தால் உப்புக்காற்றில் வெல்டிங் முனைகளிலிருந்து துரு தொடங்கும். துத்தநாகப் பூச்சு போட்டதோ மரக்காலோ நல்லது.

தேங்காய் எண்ணெய் பூசலாமா? வீட்டில் நிறைய இருக்கிறது.

வேண்டாம். தேங்காய் எண்ணெய் மரத்தில் இறுகாது. பிசுபிசுப்பாக நின்று தூசியை வாங்கி, கொஞ்ச நாளில் காறல் வாடை அடிக்கும். காற்றுப் பட்டால் தானே இறுகும் எண்ணெய் வேண்டும்: ஆளிவிதை எண்ணெய் அல்லது டங் எண்ணெய். முந்திரிக்கொட்டை எண்ணெய் வள்ளத்துக்குச் சரி. தோலைப் பொத்துவிடும், சாப்பிடும் மேசைக்கு ஆகாது.

தினமும் பத்துப் பேர் சூடான கறியோடு உட்காரும் மேசைக்கு இரண்டு கலவை சேர்க்கும் பி.யூ. (பாலியூரித்தேன்) பூச்சுதான் உழைக்கும், மங்கல் பளபளப்பில் அடித்தால் மரமாகவே தெரியும். எண்ணெய்ப் பூச்சின் அழகு வேறு, கீறினால் அந்த இடத்தை மட்டும் தேய்த்து மறுபடி பூசலாம். எனக்கு எண்ணெய்தான் பிடிக்கும், ஆனால் வருடத்துக்கொரு தடவை பூசப் பொறுமை இருப்பவர்களுக்கே அது. எதைப் பூசினாலும் மேல்முகத்துக்குப் பூசிய அதே அளவு அடிமுகத்துக்கும் பூசுங்கள், இல்லையென்றால் அடிப்பக்கம் மட்டும் ஈரத்தை வேகமாக வாங்கிப் பலகை கிண்ணமாக வளையும். மழை நாளில் பூச்சு அடித்தால் வெளிறி வெள்ளை படரும், தை முதல் பங்குனி வரை நல்ல காலம்.

முக்கியமான ஒன்று: ஆளி எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். எண்ணெய் இறுகும்போது சூடு கிளம்பும், சுருட்டிய துணியில் அது தேங்கித் தானாகவே தீப்பிடிக்கும். ஒவ்வொரு துணியையும் வெளியே விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் வாளியில் முக்குங்கள்.

மஞ்சள் கறை பட்டுவிட்டது.

பதற வேண்டாம். ஈரத்துணியில் சோப்பு தொட்டுத் துடைத்துவிட்டு, சன்னல் வெயில் விழும் பக்கமாக மேசையைக் கொஞ்சம் நகர்த்தி வையுங்கள். மஞ்சளின் நிறம் வெயிலில் நிற்காது, சில நாளில் தானே வெளுத்துவிடும். மீன்குழம்புச் சட்டியின் அடிக்கு மட்டும் எப்போதும் ஒரு மணை வையுங்கள். இரும்புச் சட்டியின் ஈர அடி அயனியில் பட்டால் கறுப்பு வட்டம் விழும், அது வெயிலுக்குப் போகாது. ஆக்ஸாலிக் அமிலம் நீரில் கரைத்து, கையுறை போட்டுத் தடவி, நன்றாகக் கழுவி, காய்ந்த பிறகு மறுபடி பூச்சு அடிக்க வேண்டும்.